நாலு வாய் சோறு

எடை பார்க்கும் மெஷின் கட்டிலுக்கு அடியில், ஒரு பழைய போர்வைக்குள் கிடந்தது. ராஜீவின் கல்யாணத்துக்கு முந்தின வாரம் கனகம்தான் அதை அங்கே தள்ளி வைத்தாள். புது மருமகள் கண்ணில் பட்டால் கேள்வி வரும் என்று பயம்.

ஆடி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. ராஜீவ் பெற்றோரின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். குனிந்து போர்வையை வெளியே இழுத்தான்.

"இன்னைக்குப் போயி எதுக்குல அதுல ஏறுத?" என்றாள் கனகம்.

"கல்யாணத்துக்குத் தச்ச பேன்ட்ல பொத்தான் போட முடியலம்மா."

குளியலறையில் ஹர்ஷிதா தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நிற்பதற்குள் மெஷின் திரும்பக் கட்டிலுக்கு அடியில் போயாக வேண்டும்.

முள் ஆடி ஆடி நின்றது. கனகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். எண்பத்தெட்டு.

தையில் கல்யாணம் நடந்தபோது எழுபத்து நாலு, ஆறடி உயரத்துக்கு ஒல்லி. அதற்கு நாலு வருஷம் முன்னால் நூற்று நாற்பதைத் தாண்டியிருந்தது. அப்போது இந்த மெஷினில் அவன் ஏறியதே இல்லை. ஏறினால் முள் கடைசிக் கோட்டில் முட்டி நின்றுவிடும்.

ராஜீவ் இறங்கினான். போர்வையைச் சுற்ற ஆரம்பித்தான். முப்பது வயது மகன், ஹைடெக் சிட்டியில் கண்ணாடிக் கட்டடத்தில் இருபது பேருக்கு மேலாளர், அம்மாவின் அறையில் திருடனைப் போல் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கக் கனகத்துக்குப் பொறுக்கவில்லை.

வெளியே சொல்ல முடியாத விஷயம் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. ராஜீவுக்கு நடந்தது எடை குறைப்பு ஆபரேஷன். வயிற்றின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, வாழைக்காய் அளவுக்கு ஒரு பையை மட்டும் மிச்சம் வைத்தார்கள். ஒரே வருஷத்தில் அவன் பாதியாகிப் போனான். அவர்கள் குடியிருக்கும் ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பில் அவனை அடையாளம் தெரியாமல் கடந்துபோனவர்கள் உண்டு.

பெண் பார்க்க ஆரம்பித்தபோது முதல் இடத்தில் உண்மையைச் சொன்னார்கள். 'வயித்தையே வெட்டி எடுத்த பையனுக்கு எப்படிங்க பொண்ணு தர்றது?' என்று போனை வைத்துவிட்டார்கள்.

அடுத்த இடத்துக்கு சிவஞானம் ஒரு வழி கண்டுபிடித்தார். தொழிற்சாலையில் முப்பது வருஷமாக எந்த மெஷின் நின்றாலும் ஏதாவது ஒரு வழி கண்டுபிடிக்கிறவர் அவர்.

"பித்தப்பையில கல்லு, அதான் எடுத்துட்டோம்னு சொல்லிருவோம். என் கூட வேலை பாக்கவனுக்கும் வயித்துல இதே மாதிரி ஓட்டைதான் போட்டாங்க. தழும்பைப் பாத்து யாருக்குத் தெரியப் போவுது?"

யாருக்கும் தெரியவில்லை. செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் ஜெயச்சந்திரன் வீட்டுப் பெண் ஹர்ஷிதா மருமகளாக வந்தாள். குண்டாக இருந்த காலத்துப் போட்டோக்கள் எல்லாம் திருநெல்வேலியில் கனகத்தின் தம்பி வீட்டுப் பரணுக்குப் போயின. ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய சத்து மாத்திரைகள் சிவஞானத்தின் பிரஷர் மாத்திரை டப்பாவுக்குள் போயின. வருஷா வருஷம் பரிசோதனைக்குக் கூப்பிடும் ஆஸ்பத்திரிப் பெண்ணிடம், 'தப்பான நம்பர்மா' என்று கனகமே சொல்லி வைத்தாள்.

மாத்திரையும் மெதுவாக நின்றது. அப்பாவின் டப்பாவைத் தினமும் எதற்குத் திறக்கிறான் என்று ஹர்ஷிதா ஒரு நாள் கேட்டுவிட்டாள். அதோடு சரி.

"உனக்கு டாக்டர் சொன்னது எல்லாம் மறந்தாச்சா?" என்று கனகம் கேட்டாள், குரலைத் தாழ்த்தி.

"மறக்கலம்மா. நல்லா மென்னு சாப்பிடணும். முட்டை, பருப்பு, பனீர் முதல்ல, சோறு கடைசில. இனிப்பா குடிக்கவே கூடாது." ராஜீவ் ஒப்பிப்பது போலச் சொன்னான். "அவ ஆசையா டம்ளரை நீட்டும்போது என்ன சொல்ல? பித்தப்பை இல்லாதவனுக்குப் பால் ஆகாதுன்னா?"

கனகம் போர்வையின் ஒரு நுனியை இழுத்துச் செருகினாள்.

"அவ மட்டும் இல்லம்மா. ஆபீஸ்ல நானே சாயங்காலம் இரானி டீயில பிஸ்கட்டை முக்கி முக்கித் தின்னுதேன். முன்னாடியெல்லாம் பசியே கிடையாது. ரெண்டு வருஷம் பசின்னா என்னன்னே தெரியாம இருந்தேன். வயித்தோட அதையும் வெட்டி எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். இப்ப திரும்ப வந்துட்டும்மா. ராத்திரி படுத்தா வந்து உக்காந்துக்கிடுது. வயிறு சின்னதாத்தான் இருக்கு, பசி மட்டும் பழைய சைஸ்ல இருக்கு."

சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"இன்னைக்கு அவகிட்ட சொல்லிருல. ரெண்டு பேருமா ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவும் கெட்டுப் போயிரல."

"இன்னைக்கா? தலை ஆடி விருந்துக்குப் போற அன்னைக்கா? அவ ஒரு மாசம் அங்க இருக்கப் போறா. ஆடி முடிஞ்சு வரட்டும்மா. கண்டிப்பா சொல்லுதேன்."

"நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. ராஜீவ் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது. மூச்சு வாங்குவதும் திரும்ப வந்துவிட்டது என்று கனகம் அன்றைக்குத்தான் கவனித்தாள்.

* * *

ஹர்ஷிதா கெட்டிக்காரப் பெண். கல்யாணமான முதல் மாதம், ராஜீவ் நாலு வாய் சோற்றோடு தட்டைத் தள்ளி வைப்பதைப் பார்த்து அழுதாள்.

"என் சமையல் பிடிக்கலன்னா சொல்லிடுங்க. கைக்கு இப்படி?" என்று கேட்டாள். செகந்திராபாத் பேச்சில் 'கைக்கு' என்றால் 'எதுக்கு'.

ஒரு சாயங்காலம் பாதாம் பால் காய்ச்சிக் கொடுத்தாள். அவன் டம்ளரைக் காலி பண்ணினான். இன்னொரு டம்ளர் கேட்டான். ஹர்ஷிதா ஓடி வந்து மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

"அத்தை! கண்டுபிடிச்சுட்டேன். அவருக்கு மெல்லறதுதான் கஷ்டம். குடிக்கக் கொடுத்தா குடிக்கறார்!"

சோறு அந்தச் சின்னப் பையில் நின்று அடைக்கும். பால் நிற்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும். எவ்வளவு குடித்தாலும் போய்க்கொண்டே இருக்கும். எடை திரும்ப ஏறுகிறவர்கள் எல்லோரும் இந்த வழியாகத்தான் ஏறுகிறார்கள் என்று டாக்டர் அன்றே எச்சரித்திருந்தார். அது கனகத்துக்குத் தெரியும். ஹர்ஷிதாவுக்குத் தெரியாது.

பாதாம் பாலில் ஆரம்பித்தது சப்போட்டா மில்க் ஷேக், பேரீச்சம்பழம் போட்ட பால், பருப்புப் பாயசம் என்று வளர்ந்தது. ஆபீசுக்கு ஒரு பிளாஸ்க். வார நாட்களில் கம்பெனி வண்டி தெரு முனையில் ஹாரன் அடிக்கும்போது, ஹர்ஷிதா பிளாஸ்க்கோடு வாசல்வரை ஓடுவாள். கனகம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒரே ஒரு தடவை, "சீனியைக் கொஞ்சம் குறைச்சுப் போடேம்மா" என்று சொல்லிப் பார்த்தாள்.

அன்று மத்தியானம் ஹர்ஷிதா போனில் தன் அம்மாவிடம் பேசுவது காதில் விழுந்தது. "நான் அவருக்கு எதுனா பண்ணா அத்தைக்குப் பிடிக்கல மம்மி. சக்கரையைக் கூட அளக்கறாங்க."

அதற்குப் பிறகு கனகம் வாயைத் திறக்கவில்லை.

* * *

காரில் போகும்போது ஹர்ஷிதா பின் சீட்டில், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்க்.

"விருந்துக்குப் போறவன் வீட்டுலேர்ந்து கட்டுச்சோறு கொண்டு போறதை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார் முன் சீட்டிலிருந்து சிவஞானம்.

"இன்னிக்குப் போனாலு பண்டிகை மாமா. செகந்திராபாத்ல எங்க லஷ்கர் பக்கம் ஒரே கூட்டமா இருக்கும். டிராஃபிக்ல மாட்டினா இவருக்குப் பசிக்கும்ல."

"உன் புருஷன் என்ன பாலர் பள்ளிக்கா போறான்?"

"அப்படித்தான் வெச்சுக்குங்க" என்று சிரித்தாள் ஹர்ஷிதா. காரை ஓட்டிக்கொண்டிருந்த ராஜீவ் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தான். கனகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சொன்னபடியே கூட்டம். அம்மனுக்குப் படைக்க, மஞ்சள் பூசிய பானைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாகப் போனார்கள். பறைச் சத்தம் காதை அடைத்தது. இரண்டு தெரு முன்னாலேயே காரை நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதாயிற்று.

வாசலில் ஹர்ஷிதாவின் அம்மா ரமா ஆரத்தித் தட்டோடு நின்றாள். மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"ஹவ்! மாப்பிள்ளை கொஞ்சம் சதை போட்டிருக்கார். பாத்தீங்களா சம்பந்தி? என் பொண்ணு கை ராசி!"

"கல்யாணத்தன்னிக்கு ஃபேனைப் போடறதுக்கே எனக்குப் பயமா இருந்தது" என்றார் ஜெயச்சந்திரன். "பறந்து போயிட்டா மறு மாப்பிள்ளைக்கு எங்கே போறது?"

எல்லோரும் சிரித்தார்கள். சிவஞானம் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். கனகமும் சிரித்து வைத்தாள்.

நடுக்கூடத்தில் மனை போட்டிருந்தது. மாப்பிள்ளைக்குப் புது வேட்டி சட்டை கொடுத்து உடுத்தி வரச் சொன்னார்கள். வெள்ளி டம்ளரில் ஆடிப்பால் வந்தது. முதல் ஆடிக்கு வரும் மாப்பிள்ளைக்கு மாமியார் தன் கையால் கொடுக்கிற தேங்காய்ப்பால். கெட்டியாகப் பிழிந்து, வெல்லமும் ஏலமும் சேர்த்தது. இந்த வீட்டில் டம்ளரைக் கீழே வைக்காமல் குடித்து முடிக்க வேண்டும் என்பது வழக்கம்.

கனகம் டம்ளரைப் பார்த்தாள். சாதாரண டம்ளர் இல்லை, செம்பு மாதிரி இருந்தது.

"அவனுக்கு ஒரு வாய் போதும் சம்பந்தி. சாஸ்திரத்துக்கு" என்றாள்.

"ஒரு வாயா? நக்கோ நக்கோ, அதெல்லாம் வேணாம். உங்க வீட்டுல நீங்க அளந்து குடுங்க சம்பந்தி. இன்னிக்கு என் கணக்கு."

சிரித்துக்கொண்டேதான் ரமா சொன்னாள். 'அளந்து' என்ற இடத்தில் மட்டும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. போனில் போன செய்தி சேர வேண்டிய இடத்தில் சேர்ந்திருக்கிறது.

ராஜீவ் டம்ளரை வாங்கினான். குடித்தான். கீழே வைக்கவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது உதட்டின் மேல் வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஹர்ஷிதா தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். அவள் கண்ணில் இருந்த பெருமையைக் கனகத்தால் பார்க்க முடியவில்லை.

"இன்னொரு டம்ளர்?" என்றாள் ரமா.

"போதும் ஆன்ட்டி" என்றான் ராஜீவ். கை தானாக நீண்டது.

இலையில் அவன் வடையைப் பாதி கிள்ளினான். சோறு நாலு வாய். கூட்டை இலையில் ஒதுக்கி ஒதுக்கி வைத்தான். யாரும் கவலைப்படவில்லை. மாப்பிள்ளைக்குக் குடிக்கத்தான் பிடிக்கும் என்று ஹர்ஷிதா முதலிலேயே சொல்லி வைத்திருந்தாள். பாயசம் கிண்ணத்தில் தனியாக வந்தது.

* * *

சாப்பாடு முடிந்து ஆண்கள் கூடத்தில் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தார்கள். ஹர்ஷிதா பின்கட்டில் பாத்திரங்களை ஒழித்துக்கொண்டிருந்தாள். ரமா மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள்.

இதைவிட்டால் நேரம் இல்லை என்று கனகத்துக்குத் தோன்றியது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் போனாள்.

"ஹர்ஷிதா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ராஜீவ் வயித்தைப் பத்தி. நீ கோவப்படக் கூடாது."

ஹர்ஷிதா கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"எனக்குத் தெரியும் அத்தை."

கனகம் செருகிய முந்தானையை உருவினாள். "தெரியுமா?"

"பின்னே? பித்தப்பை எடுத்தவங்க எண்ணெயே தொடக்கூடாதுன்னு நெட்ல பாத்தேன். எண்ணெய் ஜீரணம் ஆகாதாம். அதான் அவருக்கு வறுவல், பொரியல் எல்லாம் நிறுத்திட்டேன். முட்டையும் நிறுத்திட்டேன். எல்லாமே பால்ல, பழத்துல பண்றேன். நீங்க சக்கரையைக் குறைக்கச் சொன்னீங்கல்ல, அன்னிக்கு எனக்குக் கோவம் வந்தது நிஜம். அப்புறம் யோசிச்சேன். அத்தைக்கும் அவர் மேல அக்கறைதானே. அதுலேர்ந்து சக்கரை கம்மி பண்ணி வெல்லம் போடறேன். வெல்லம் உடம்புக்கு நல்லது."

கனகம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாங்கள் சொன்ன ஒரு பொய்யை இந்தப் பெண் அப்படியே நம்பி, படித்து, அதற்கேற்ற பத்தியமும் போட்டு, ஒரு நாள் விடாமல் அவனுக்குப் புகட்டிக்கொண்டிருக்கிறாள். முட்டையை வேறு நிறுத்திவிட்டாளாம்.

"அது இல்லம்மா..."

"ஹர்ஷிதா!" கூடத்திலிருந்து ஜெயச்சந்திரனின் குரல். "ஓடி வாம்மா! மாப்பிள்ளை என்னமோ பண்றார் பாரு!"

ராஜீவ் சோபாவில் சுருண்டிருந்தான். வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். புதுச் சட்டை முழுக்க வியர்வை. வாந்தி எடுத்திருந்தான்.

"வாயுப் பிடிப்பா இருக்கும். ஓம வாட்டர் இருக்கா?" என்றார் சிவஞானம்.

"தோள் வரைக்கும் இழுக்குதுப்பா" என்றான் ராஜீவ்.

காரை எடுக்க முடியாது. தெரு முழுக்கப் பறையும் கூட்டமும். ஜெயச்சந்திரன் ஒரு பக்கம், சிவஞானம் ஒரு பக்கம் தாங்கிக்கொள்ள, பானை சுமந்த பெண்களுக்கு இடையில் வழி கேட்டுக் கேட்டு அடுத்த தெருவில் இருந்த நர்சிங் ஹோமுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். சாமி வந்து ஆடுகிறவன் என்று நினைத்து ஒரு கிழவி ராஜீவைக் கும்பிட்டாள்.

ஹர்ஷிதா பின்னால் ஓடி வந்தாள். பிளாஸ்க்கை விடவில்லை. எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

* * *

டியூட்டி டாக்டர் உமாசங்கர் சின்ன வயசுக்காரர். ராஜீவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அவன் துடித்தான்.

"கடைசியா என்ன சாப்பிட்டார்?" தெலுங்கில்தான் கேட்டார். ஹர்ஷிதா வீட்டில் எல்லோருக்கும் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. கனகமும் முப்பது வருஷத்தில் புரிந்துகொள்ளப் பழகியிருந்தாள்.

"தேங்காய்ப்பால். ரெண்டு டம்ளர்" என்றாள் ரமா, குற்றவாளிக் குரலில்.

"முன்னாடி ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கா?"

"ஆகியிருக்கு டாக்டர்" என்றாள் ஹர்ஷிதா உடனே. "நாலு வருஷம் முன்னாடி பித்தப்பை எடுத்துட்டாங்க."

ராஜீவ் கண்ணைத் திறந்து அம்மாவைத் தேடினான்.

கனகம் ஓர் அடி முன்னால் வைத்தாள். பின்னாலிருந்து சிவஞானம் அவள் முழங்கையைப் பிடித்தார். "வலி மொதல்ல நிக்கட்டும். பொறவு பாத்துக்கிடலாம்" என்று காதோரம் சொன்னார். கையை எடுக்கவில்லை.

அவள் உதறியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். அதற்குள் டாக்டர் எழுதிக்கொண்டுவிட்டார். நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஸ்கேன் அறைக்குள் போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது.

பெஞ்சில் ரமா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். ஜெயச்சந்திரன் நடந்துகொண்டே இருந்தார். சிவஞானம் சுவரில் இருந்த காலண்டரைப் படிப்பது போல் நின்றார். ஹர்ஷிதா மட்டும் கனகத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"பயமா இருக்கு அத்தை. ஒண்ணும் ஆகாதுல்ல?"

கனகம் அந்தத் தலையைத் தடவினாள்.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார். கையில் கறுப்புப் படம். நெற்றியில் சுருக்கம்.

"யாரு சொன்னது பித்தப்பை எடுத்தாச்சுன்னு?"

"நான்தான் டாக்டர்" என்றாள் ஹர்ஷிதா எழுந்து.

"எடுக்கல. இருக்கு. அது நெறையக் கல்லு."

"இல்லையே. இவங்க ஆபரேஷன்..." ஹர்ஷிதா மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். "வேற யாரோட ரிப்போர்ட்டோ மாறிடுச்சு டாக்டர்."

"உள்ள ஒருத்தர்தான்மா இருக்கார். என் கண்ணால பாத்தேன்." டாக்டருக்குக் கோபம் வந்திருந்தது. "அப்போ வயித்துல அந்த அஞ்சு தழும்பு எதுக்கு? இவர் ஒரு காலத்துல ரொம்ப குண்டா இருந்தாரா? ரொம்ப வேகமா எடை குறைஞ்சவங்களுக்கு இந்தக் கல்லு வரும்."

"இல்ல டாக்டர். அவர் எப்பவும் ஒல்லிதான். இப்பதான் கொஞ்சம்..."

பாதியில் நிறுத்தினாள். யாரும் தன்னோடு சேர்ந்து பேசவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள் போலிருக்கிறது. மாமனார் காலண்டரிலிருந்து திரும்பவில்லை. மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை?"

கனகம் எழுந்தாள். சிவஞானத்தின் கை மறுபடி முழங்கைக்கு வந்தது. இந்தத் தடவை தட்டிவிட்டாள்.

"நூத்து நாப்பது கிலோ இருந்தான் டாக்டர். எடை குறையிறதுக்கு வயித்தை வெட்டி எடுத்திருக்கு. பித்தப்பை ஆபரேஷன்னு நாங்கதான் பொய் சொன்னோம்."

தெலுங்கில் சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டாள். மொழி எதுவானாலும் எல்லோருக்கும் புரிந்தது. ரமாவின் முணுமுணுப்பு நின்றது.

"இதை மொதல்ல சொல்லக் கூடாதாம்மா?" என்றார் டாக்டர். "வருஷா வருஷம் செக்கப் போனாரா? சத்து மாத்திரை?"

கனகம் இல்லை என்று தலையை அசைத்தாள்.

"சரி. வலிக்கு ஊசி போட்டிருக்கு. ஆனா இங்க வெச்சுப் பாக்க முடியாது. அந்த ஆபரேஷன் பண்ணின டாக்டருக்குப் போன் பண்ணுங்க. இந்தப் பித்தப்பையை இப்ப நிஜமாவே எடுக்கணும்."

அவர் உள்ளே போனார்.

ஹர்ஷிதா நின்ற இடத்திலேயே நின்றாள். அழுவாள் என்று கனகம் எதிர்பார்த்தாள். கத்தினாலும் பரவாயில்லை என்று நினைத்தாள். ஹர்ஷிதா கையிலிருந்த பிளாஸ்க்கைப் பார்த்தாள்.

"இந்தப் பால் அவருக்கு நல்லதா அத்தை?"

கனகம் அவள் கையைப் பிடிக்கப் போனாள்.

"சொல்லுங்க. சக்கரையைக் குறைக்கச் சொன்னீங்களே, அதுக்குத்தானா?"

"ஆமா."

"அப்போ உங்களுக்குத் தெரியும். தினம் நான் கொடுக்கறதை ஜன்னல்ல நின்னு பாத்துட்டுத்தான் இருந்தீங்க."

"சொல்லணும்னுதாம்மா... இன்னைக்குக்கூடப் பின்கட்டுல..."

"ஹர்ஷிதா கண்ணு, வா நம்ம வீட்டுக்குப் போலாம்" என்று ரமா குறுக்கே வந்தாள். சம்பந்தியின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "எத்தனை பெரிய பொய். என் கையால ரெண்டு டம்ளர் குடுத்தேனே. ஏதாவது ஆகியிருந்தா என் தலையில இல்ல விழும்?"

"சம்பந்தி, கொஞ்சம் பொறுங்க..." என்று ஆரம்பித்தார் சிவஞானம். ஜெயச்சந்திரன் கையை உயர்த்தினார். காலையில் ஃபேன் ஜோக் அடித்த மனிதர் இவர்தான் என்று நம்ப முடியவில்லை.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "பேஷன்ட் கூப்பிடறார். ஒருத்தர் மட்டும் வாங்க. அவர் மனைவி யாரு?"

ஹர்ஷிதா கதவு வரைக்கும் போனாள். கைப்பிடியில் கை வைத்தாள். கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். ராஜீவ் கையை நீட்டியிருந்தது கனகத்துக்கே தெரிந்தது.

அவள் கதவைத் திறக்கவில்லை. திரும்பி வந்தாள்.

"நீங்க போங்க அத்தை. உங்களுக்குத்தான் அவரைப் பத்தி எல்லாம் தெரியும். எனக்கு எதைச் சாப்பிடக் கொடுக்கணும்னுகூடத் தெரியல."

பிளாஸ்க்கை மாமியாரின் கையில் வைத்தாள். "கொட்டிட்டுக் கழுவி வெச்சுடுங்க."

தன் அம்மா அப்பாவோடு படியிறங்கினாள். மஞ்சள் பானைகளின் கூட்டத்துக்குள் அவளுடைய புதுப் புடவை கொஞ்ச தூரம் தெரிந்தது. அப்புறம் எது அவள் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சிவஞானம் பெஞ்சில் உட்கார்ந்தார். வழி கண்டுபிடிக்கிறவருக்கு இப்போது ஒன்றும் தோன்றவில்லை. தனக்குத்தானே சமாதானம் சொல்வது போலப் பேசினார்.

"ஒண்ணும் ஆவாது. எப்படியும் ஒரு மாசம் அங்கதான இருக்கணும்? வழக்கம்தான? ஆடி முடிஞ்சா வந்துருவா."

உள்ளே ராஜீவ் மறுபடி கூப்பிட்டான். அவன் கூப்பிட்டது அம்மாவை இல்லை.

கனகம் பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள். தள்ளும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"ஆடி இன்னைக்குத்தான பொறந்திருக்கு."